ஒரே வரியில் விலாசமும் திறப்பும்

ஊர்ச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் இப்போது கொப்பியில் இல்லை. எங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதைப் பராமரிப்பவர் துபாயிலோ டோஹாவிலோ வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். அவர் அதைத் திறக்கும் வரி, ஆங்கில எழுத்துகளில், இந்த அமைப்பில் இருக்கும்:

போஸ்ட்கிரெஸ்கியூஎல்://பயனர்:கடவுச்சொல்@வழங்கி:5432/சங்கம்

இணைய முகவரி போன்ற இந்த வரியில் யார் நுழைகிறார், எந்தக் கணினிக்குள், எந்த வாசலால், எந்தத் தரவுத்தளத்துக்கு என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. 2012இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.2 முதல், பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக்குப் பின்னால் இதை மேற்கோள் குறிக்குள் இட்டாலே போதும். மொங்கோடிபி, ரெடிஸ் ஆகியவற்றின் கட்டளைக் கருவிகளும் இத்தகைய வரியை ஏற்கும். மைஎஸ்கியூஎல்லின் வழமையான கட்டளை ஏற்காது. அதற்கு மைஎஸ்கியூஎல் ஷெல் வேண்டும்.

வழங்கியின் பெயரையும் கவனியுங்கள். அமேசானின் தரவுத்தளச் சேவையில் அந்தப் பெயருக்குள் ‘மீ-சவுத்-1’ என்றிருந்தால் தரவு பஹ்ரெய்னில் இருக்கிறது; அந்த நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. ‘மீ-சென்ட்ரல்-1’ என்றால் 2022இல் திறக்கப்பட்ட ஐக்கிய அரபு அமீரக நிலையம். எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் எங்கள் பெயர்கள் கிடக்கின்றன என்பதற்கு இது முதல் தடயம்.

கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் வரி குழம்பும். அதற்குப் பதிலாக %40 என்று எழுத வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. விலாசமும் திறப்பும் ஒன்றாக இருப்பதால், இந்த வரியை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வீட்டையே கொடுத்தது போலாகும். தட்டிய கட்டளை கணினியின் வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடும். ஆகவே கடவுச்சொல்லை வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பிஎஸ்கியூஎல் தானே கேட்கும். அல்லது ‘.பிஜிபாஸ்’ என்ற கோப்பில், உரியவர் மட்டும் படிக்கும்படி 600 என்ற அனுமதியுடன் வையுங்கள். வரியின் முடிவில் ‘?எஸ்எஸ்எல்மோட்=வெரிஃபை-ஃபுல்’ என்று சேர்த்து, சான்றிதழையும் அமைத்துக்கொண்டால், இணைப்பு மறையாக்கப்படும்; மறுமுனையில் இருப்பது சரியான வழங்கிதானா என்பதும் சோதிக்கப்படும்.

வரி ஏற்கெனவே வெளியே போயிருந்தால், செய்தியை அழிப்பது போதாது. கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். யார் எந்த ஊர், இப்போது எந்த நாட்டில், ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினர் யார் என்று சொல்லும் பட்டியல் அது. எங்களைப் போன்றவர்களுக்கு அது வெறும் தரவு அல்ல.