பழைய ஜாவானிய அரண்மனைக் கத்தி - வயதை எப்படிக் கண்டறிவது?

ஜாவானிய அரண்மனைக் கத்தி என்றதும் நெளிநெளியாக இருக்கும் கிரிஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

ஆனால் அரசவையில் இன்னொரு கத்தியும் இருந்தது. அதன் பெயர் வெடுங்.

யோக்யகர்த்தா, சுராகார்த்தா அரண்மனை அதிகாரிகள் அதை இடுப்பின் இடப்பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். குட்டையான, அகலமான அலகு. ஒரு பக்கம் மட்டுமே கூர். பார்த்தால் சமையலறை வெட்டுக்கத்தி மாதிரிதான் இருக்கும்!

அது சண்டைக்கு அல்ல. மன்னர் போகும் வழியில் உள்ள புதரை வெட்டவும் நான் தயார் என்று காட்டும் பணிவின் அடையாளம்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

பெரும்பாலான கத்திகளில் ஆண்டு இருக்காது. அதனால் வடிவம், இரும்பின் நிறம், அலகில் தெரியும் 'பாமோர்' கோலம் ஆகியவற்றைப் பார்த்து இது மஜாபாஹிட் காலம், இது மாத்தாராம் காலம் என்று சொல்வது ஜாவானிய மரபு. அதற்குத் 'தங்குஹ்' என்று பெயர்.

அதில் ஒரு சிக்கல். பிற்காலக் கொல்லர்கள் பழைய பாணியிலும் செய்தார்கள். ஆக, தங்குஹ் சொல்வது பாணியை. பிறந்த தேதியை அல்ல.

அலகு தேய்ந்து மெலிந்திருந்தால் பழசுதானே?

அவசரப்பட வேண்டாம். ஜாவானிய சூரோ மாதத்தில் எலுமிச்சைச் சாற்றில் கழுவிப் பாஷாணம் பூசுவது வழக்கம். இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த கோலம் வெள்ளியாய் மின்னும். ஆண்டுதோறும் கழுவினால் அலகு கரையும். போலிகளை அமிலத்தில் ஊறவைத்துப் பழசாக்குவோரும் உண்டு.

மர உறையும் அதை இடுப்பில் மாட்டும் கொம்புப் பட்டையும் எளிதில் உடையும், பிறகு மாற்றப்பட்டிருக்கலாம். அலகுக்கு ஒரு வயது, உறைக்கு ஒரு வயது!

வேறென்ன ஆதாரம் தேவை?

காகிதம்தான். இளவரசர் டிப்போநெகோரோவின் கிரிஸ் 1831இல் டச்சு மன்னருக்குப் பரிசாகச் சென்றது. 2020இல் நெதர்லந்து அதை இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தது. அது அவருடையதுதான் என்று முடிவுசெய்ய 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களும் ஓவியர் ராடென் சாலே எழுதிய குறிப்பும் கைகொடுத்தன. அப்போதும் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள்.

"துரு புடிச்சிருக்கே, தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடலாமா?"

வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோலமும் போகும், கணிப்பதற்கான தடயமும் போகும். பாஷாணம் நச்சு என்பதால் கையுறை போட்டே தொடுங்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கத்தியையும் உறையையும் இரு பக்கமும் படமெடுத்து, அப்படியே நிபுணரிடம் கொண்டுபோங்கள்.