தீபாவளிக்குச் சோப்பு: ஆடியிலேயே தொடங்க வேண்டும்

தீபாவளிப் பரிசுப் பெட்டிகளுக்கென்று கைச் சோப்பு செய்து விற்க விரும்பும் தென்னை விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது எண்ணெயின் விலையை அல்ல, நாட்காட்டியை. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து அடுப்பில் ஏற்றாமல் செய்யப்படும் சோப்பு, அச்சிலிருந்து எடுத்தபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் காற்றாட உலர வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காற்றில் ஈரம் மிகுந்து, கட்டிகள் உலர்வதற்குப் பதிலாக வியர்க்கத் தொடங்கும். பரிசுப் பெட்டி வாங்கும் கடைக்காரர்களும் அலுவலகங்களும் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே சரக்கைக் கேட்பார்கள். ஆகவே ஆடிக் காற்று வீசும்போதே வேலையைத் தொடங்கி, ஆவணி முதல் வாரத்துக்குள் கடைசி அச்சையும் ஊற்றி முடித்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ், பொங்கல் விற்பனைக்கு வேண்டியதையும் அப்போதே செய்துவிடுவது நல்லது. மழை மாதங்களில் செய்யும் சோப்பு தாமதமாகவே உலரும்.

விலைபோகாத விளைபொருளைச் சோப்பாக்குவது நமக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது ஏற்றுமதி தடைப்பட்டுச் சந்தனக்கட்டை தேங்கியதால்தான் மைசூர் சமஸ்தானத்தில் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. நம்மிடம் இருப்பது தேங்காய் எண்ணெய். நன்றாக நுரைக்கும் கெட்டியான சோப்புக்கு அதைவிட ஏற்ற எண்ணெய் குறைவு. ஆனால் அதை மட்டுமே கொண்டு செய்தால் தோல் வறண்டுபோகும் என்பதால் வேறு எண்ணெய்களும் கலக்கப்படுகின்றன.

எண்ணெய்க்கு ஏற்ற சோடா

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. கடலை எண்ணெய்க்கு 136 கிராமும், ஆமணக்கு எண்ணெய்க்கு 128 கிராமும் போதும். தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், ஆமணக்கு எண்ணெய் 100 கிராம் என்று கலந்தால், கணக்குப்படி சுமார் 163 கிராம் சோடா வரும். அதில் 8 சதவீதம் குறைத்து 150 கிராம் மட்டுமே சேர்க்க வேண்டும். இப்படிக் குறைப்பதால் சிறிது எண்ணெய் மாறாமல் சோப்பிலேயே தங்கித் தோலுக்கு மென்மை தரும். சோடா மிஞ்சிப்போகும் ஆபத்தும் இராது.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கடலை எண்ணெய் கைவசம் இருக்கிறதே என்று முழுவதும் அதையே ஊற்றி, சோடாவை மட்டும் அதே 150 கிராம் போட்டால், 14 கிராம் சோடா மாறாமல் சோப்பில் நின்றுவிடும். அந்தச் சோப்பு தோலை அரிக்கும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். ஆழாக்கு, கரண்டி அளவுகள் இதற்கு உதவா. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு கட்டாயம் வேண்டும்.

சிக்கடித்த எண்ணெயைச் சோப்புக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். உலரும்போதே கட்டிகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி வாடை வீசும்.

செய்முறை

காஸ்டிக் சோடாவைக் கையாளும்போது ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. 330 மில்லி தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, திறந்த வெளியில் வைத்து, 150 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் போட்டுக் கலக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. சோடா அதை அரித்துத் தீப்பற்றும் வாயுவை வெளியிடும். கரைசல் தானாகவே மிகவும் சூடேறி நெடி அடிக்கும். அது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பாத்திரத்தை வெளியில் தொட்டுப் பார்க்கலாமே தவிர, கரைசலில் விரல் படக் கூடாது. தப்பித் தவறித் தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறிய கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி மத்தால் கடைய வேண்டும். அந்த மத்து மீண்டும் சமையலுக்கு ஆகாது. தோசை மாவுப் பதம் வந்து, மேலே சொட்டினால் கோடு நிற்கும்போது, மெழுகுத் தாள் விரித்த மரப் பெட்டியில் ஊற்றலாம். வாசனைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் 15 மில்லியை இந்தச் சமயத்தில் சேர்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு விரைவில் இறுகும். ஒரு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் வெட்டும்போது உடைந்து உதிரும்.

குப்பைமேனிச் சாறு, மஞ்சள் தூள் சேர்ப்பதில் பலருக்கும் ஆர்வம் உண்டு. சோடா பட்டவுடன் மஞ்சள் சிவந்து, நாளடைவில் பழுப்பாகும். பச்சிலையின் பசுமையும் தீபாவளி வரை நில்லாது. பச்சைத் தழை சேர்த்த கட்டிகள் சீக்கிரம் கெடவும் கூடும். காய்ந்த வெட்டிவேரைச் சில வாரங்கள் எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டிப் பயன்படுத்துவது மேல்.

உரிமம்

சொந்த உபயோகத்துக்குச் செய்வதற்குத் தடையில்லை. விற்பதென்றால் சங்கதி வேறு. மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தில் முன்பு சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982-ம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீங்கியது. இப்போது குளியல் சோப்பு செய்து விற்க 2020-ம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை. தனி இடமும், படிப்புத் தகுதியுள்ள ஒரு பொறுப்பாளரும் வேண்டும். ஐம்பது மரம் வைத்திருப்பவர் தனியாக இதைச் சுமப்பது கடினம். மகளிர் சுய உதவிக் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஒரே உரிமம் பெற்று, உறுப்பினர்களின் எண்ணெயை வாங்கிச் செய்வதே நடைமுறைக்கு உகந்தது. உரிமம் கைக்கு வருவதற்கு முன் பெட்டிக்கு முன்பணம் வாங்கிவிடக் கூடாது. முதல் ஆண்டை வீட்டு உபயோகத்துக்குச் செய்து கை பழகுவதில் கழித்தாலும் நட்டமில்லை.

படை, சொறி தீரும் என்று உறையில் அச்சிடுவதும் கூடாது. நோய் தீர்க்கும் என்று சொன்ன மாத்திரத்தில் அது மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

விலையும் பெட்டியும்

மேற்கண்ட அளவில் ஈரமாக 1,480 கிராம் வரும். உலர்ந்து, ஓரம் நறுக்கியபின் 100 கிராம் கட்டிகள் பன்னிரண்டு தேறும். எடையை உலர்ந்த பிறகே நிறுத்து உறையில் குறிக்க வேண்டும். எண்ணெய்க் கலவை கிலோ 360 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டிக்கு எண்ணெய்ச் செலவே 30 ரூபாய். சோடா, வாசனை எண்ணெய், உறை, கூலி ஆகியவை தனி. சொந்தத் தோப்பு எண்ணெய்தானே என்று அதைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது; செக்கடியில் விற்றால் கிடைக்கும் விலையையே போட வேண்டும். 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக ஏறியதுபோல் ஏறும் ஆண்டில், எண்ணெயாகவே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆலைச் சோப்போடு விலையில் போட்டியிட கைச் சோப்பால் எந்த ஆண்டும் முடியாது. பரிசுப் பொருளாக விற்றால்தான் கட்டுப்படியாகும்.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய்தான் வழக்கம். எனவே இரண்டு சோப்புக் கட்டிகளுடன் சீயக்காய்த் தூள், நலங்கு மாவு, செக்கு நல்லெண்ணெய்ப் புட்டி ஒன்று, உடம்பு தேய்க்க வெட்டிவேர் நார் ஆகியவற்றைச் சேர்த்துப் பனையோலைக் கொட்டானில் அடுக்கினால், வாங்குபவருக்கு அது குளியல் சாமான் முழுவதும் அடங்கிய பெட்டியாக இருக்கும். தூள் வகைகளும் உடலில் பூசிக் கழுவுபவையே என்பதால், அவற்றையும் உரிமத்துறையில் சேர்த்தே விசாரித்துக்கொள்ள வேண்டும். கொட்டான் முடைபவர்களுக்கும் பண்டிகை நெருக்கத்தில் வேலை மிகுதி. ஆனியிலேயே சொல்லி வைப்பது நல்லது.

விற்காமல் மிஞ்சும் கட்டிகளைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாமல், தாள் விரித்த மூங்கில் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மழைச் சாரல் படாத உள்ளறையில் வைத்தால் பொங்கல் சந்தை வரை கெடாமலிருக்கும்.