அரசு சேர்த்து வாங்கினால் விலை இறங்கும்

2014-ன் தொடக்கத்தில் புதுச்சேரி வீடுகளுக்குக் கொடுப்பதற்காக எல்இடி பல்புகளை மொத்தமாக வாங்கியது மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம். ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். மக்களிடம் வாங்கியதோ பத்தே ரூபாய். மிச்சத்தை மின்சாரச் சேமிப்பிலிருந்து ஈடுகட்டுவது திட்டம்.

2016 முடிவதற்குள் அதே நிறுவனத்துக்கு 9 வாட் பல்பு 38 ரூபாய்க்கே கிடைத்தது.

உலகச் சந்தையில் எல்இடி சில்லுகள் மலிவானது இதற்கு ஒரு காரணம். ஆனால், அது மட்டுமே இவ்வளவு வேகமாக விலையை இறக்கியிருக்காது. 2015 ஜனவரியில், வீடுகளுக்கு எல்இடி பல்புகளை மலிவாகக் கொடுக்கும் 'உஜாலா' திட்டம் நாடெங்கும் தொடங்கியது. மாநிலங்களின் தேவையை ஒன்றாகக் கூட்டி, கோடிக்கணக்கான பல்புகளுக்கு டெண்டர் விட்டார்கள். தரமும் உத்தரவாதமும் டெண்டரிலேயே எழுதப்பட்டன. பல்பு நிச்சயம் விற்கும் என்று தெரிந்ததும் தொழிற்சாலைகள் துணிந்து உற்பத்தியைப் பெருக்கின. இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் விநியோகமாகியிருக்கின்றன. கடைகளிலும் விலை சரிந்தது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களை அரசு வாங்கும் பசுமைக் கொள்முதலின் சூட்சுமம் இதுதான். வளரும் நாடுகளில் அரசைப் போல் பெரிய வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை. ஆனால், குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்ற பழைய வழக்கம் வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்க்கிறது. 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட் செலவாகும். 9 வாட் எல்இடிக்கு 16 யூனிட் போதும். இந்தக் கணக்கு டெண்டர் தாளில் ஏறாதவரை, மலிவாகத் தெரியும் பொருளே ஜெயிக்கும்.

மொத்தமாக வாங்குவது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2017-ல் இதே இஇஎஸ்எல் நிறுவனம் அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்சார கார்களுக்கு டெண்டர் விட்டது. சார்ஜ் செய்ய வசதி போதாமல் அந்த முயற்சி மந்தமாகவே நகர்ந்தது.

மின்சாரப் பேருந்துகளில் சிக்கல் வேறு. போக்குவரத்துக் கழகங்கள் பணத்தை இழுத்தடிக்கும் என்ற அச்சத்தில் பேருந்து வழங்கும் நிறுவனங்கள் தயங்கின. கடன் கொடுக்க வங்கிகளும் யோசித்தன. 38,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளுக்குப் பணம் தவறாமல் போய்ச்சேர, 3,435 கோடி ரூபாயில் ஓர் உத்தரவாத ஏற்பாட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. தேவையான முடிவு, தாமதமாக வந்தது.

பள்ளிக்கு மின்விசிறி, மருத்துவமனைக்கு ஏசி, ஊராட்சிக்கு மோட்டார் என்று அரசு வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த டெண்டர்கள் ஒவ்வொன்றிலும் பொருளின் ஆயுட்காலச் செலவைக் கணக்கில் சேர்ப்பதையும், சப்ளை செய்தவருக்கு உரிய நாளில் பணம் கொடுப்பதையும் மாநில அரசுகள் உடனே விதியாக்க வேண்டும்.