கிரேக்கத் துன்பியலிலிருந்து புரிசைக் கூத்துக்கு

யூரிப்பிடீஸ், ஈஸ்கிலஸ் ஆகியோரின் நான்கு கிரேக்க நாடகங்களை, பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனுஷ்கினின் 'தெயாத்ர் து சொலேய்' குழு 1990 முதல் 1992 வரை பாரிஸில் ஒவ்வொன்றாக மேடையேற்றியது. கதகளிச் சாயலுடன் குழுவினர் ஆடினர். இசைக்கலைஞர் ழான்-ழாக் லெமெத்ர் மேடையோரத்திலேயே இசைத்தார். வசனம், பாட்டு, ஆட்டம் மூன்றும் பிரியாத நம் தென்னிந்திய மேடை, கிரேக்கத் துயரத்துக்கு அழகாகப் பொருந்தியது.

2016-இல் அதே குழு 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்குத் தெருக்கூத்தைக் கற்றது. கற்பித்தவர், திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை கிராமத்தின் கண்ணப்ப சம்பந்தன். கிரீடமும் புஜக்கட்டையும் தரித்து, காலில் சலங்கை கட்டி, பல நாட்டு நடிகர்கள் திரௌபதி, கர்ணன் கதைகளை ஆடினார்கள்.

அயல்நாட்டார் தேடிக் கற்ற இதே கூத்தை, மலேசியாவின் ஷா ஆலம் வட்டாரத்துப் பழைய தோட்டங்களில் கட்டியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் பாடிய பாட்டை இப்போதே பதிவுசெய்து வையுங்கள்.