கட்டம் காட்டும் கணக்கு

கொல்லங்கோட்டிலிருந்து தெற்கே தென்மலையை நோக்கி நடந்தால் இருமருங்கும் நெல்வயல்கள். வரப்புகள் அந்தப் பசுமையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பின்னமும் சதவிகிதமும் என்றால் முகம் சுளிக்கும் நம் மாணவ நண்பர்கள் அந்த வரப்பின்மீது ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அவர்கள் அஞ்சும் கணக்கு அங்கே படமாக விரிந்து கிடக்கிறது.

ஓர் ஏக்கர் என்பது 100 செண்டு. எழுத்தறியாத உழவரும் "நாற்பது செண்டு", "பன்னிரண்டரைச் செண்டு" என்று தடுமாறாமல் பேசுகிறார். அவர் பேசுவது சதவிகிதமே அன்றி வேறென்ன? சதம் என்றால் நூறு. நூற்றில் எத்தனை பங்கு என்பதே சதவிகிதம்.

ஒரு தாளில் நீளவாக்கில் பத்து, குறுக்குவாக்கில் பத்து என நூறு கட்டங்கள் வரையுங்கள். ஒரு கட்டம் ஒரு செண்டு. அதில் 25 கட்டங்களுக்கு மை தீட்டினால் கால். இரண்டு வரிசைக்குத் தீட்டினால் ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவிகிதம். அரைக்காலுக்கு 12 கட்டங்கள் தீட்டிப் பதின்மூன்றாவதில் பாதியோடு நிறுத்த வேண்டும். ஆகவே அது 12½ சதவிகிதம்.

பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும்போது விடை ஏன் சிறுத்துவிடுகிறது என்று பலர் மயங்குவதுண்டு. அதையும் கட்டத்திடமே கேட்போம். ஓர் ஏக்கரில் பாதி வயல். அந்த வயலில் ஐந்தில் மூன்று பங்கு அக்காவுக்கு. முதலில் ஐந்து நெடுவரிசைகளுக்குச் சாய்கோடு இடுங்கள், அதுவே வயல். பிறகு மேலிருந்து ஆறு குறுக்குவரிசைகளுக்கு எதிர்ச்சாய்கோடு இடுங்கள். இரு கோடுகளும் கலந்த கட்டங்களை எண்ணினால் 30. அக்காவின் பங்கு 30 செண்டு. ஒன்றின் பகுதியில் மேலும் ஒரு பகுதியை எடுத்தோம். விடை சிறுத்தது இயல்புதானே!

நம் முன்னோர் நூறாகப் பகுக்கவில்லை. பதினாறும் இருபதுமாகப் பகுத்தனர். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. பதினாறில் ஒன்று மாகாணி. வீசம் என்பதும் அதுவே. 320இல் ஒன்று முந்திரி. வரிசைக்குப் பதினாறு கட்டமாக இருபது வரிசைகள் வரைந்தால் 320 கட்டங்கள். ஒரு கட்டம் முந்திரி. ஒரு குறுக்குவரிசை மா. ஒரு நெடுவரிசை மாகாணி. மாவுக்குக் கட்டம் 16, காணிக்குக் கட்டம் 4. இரண்டும் சேர்ந்தால் 20, அதுவே மாகாணி. மாவும் காணியும் கூடியது மாகாணி என்று அப்பெயரே கூட்டல் கணக்கைச் சொல்லி நிற்பதைக் காண்க!

பதினாறின் ஆட்சி நாணயத்திலும் இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த வழக்கம் 1957 ஏப்ரல் 1 முதல் மாறி, ரூபாய்க்கு 100 காசு என்றாயிற்று. நூறு கட்டத்தில் ஓரணா 6¼ கட்டம்.

இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு, பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. ஊரில் "மூன்று வட்டி" என்கிறார்கள். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவிகிதம் என்றால், மூன்றைவிடப் பன்னிரண்டு பெரிதாயிற்றே என்று அஞ்சி ஏழை எளியவர் வட்டிக்காரரின் வாசலுக்குப் போகின்றனர். ஆனால் அந்த மூன்று, மாதந்தோறும் நூற்றுக்கு மூன்று. மாதத்திற்கு மூன்று கட்டமாகத் தீட்டிக்கொண்டே வாருங்கள். ஆண்டு முடிவில் 36 கட்டங்கள் கறுத்துவிடும். வங்கிக்கோ 12 கட்டங்கள்தாம். முப்பத்து நான்காம் மாதத்தில் தாள் முழுவதும் கறுத்துவிடும். வாங்கிய பணத்தின் அளவு வட்டியாகவே போய்விட்டது. முதலோ அப்படியே நிற்கிறது! ரூபாய்க்கு மாதம் ஓரணா என்ற பழைய வட்டியைத் தீட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 75 கட்டங்கள். சிறு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய சுமை!

இன்னுமொரு மயக்கம் உண்டு. கடைக்காரர் 10 சதவிகிதம் தள்ளி, மீண்டும் 10 சதவிகிதம் தள்ளினால் மொத்தம் 20 என்று மகிழ்கிறோம். பத்துக் கட்டங்களை அடித்தபின் எஞ்சியவை 90. அதில் பத்தில் ஒன்று 9. ஆக அடிபட்டவை 19 கட்டங்களே. எத்தனை சதவிகிதம் என்று கேட்பதற்கு முன் எதில் சதவிகிதம் என்று கேட்கப் பழக வேண்டும்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கோடிட்ட தாள் ஒன்றும் பென்சில் ஒன்றும் உடன் கொண்டு செல்லுங்கள். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கப்போகும் ஒருவர் அருகில் அமர்ந்து, மூன்று மூன்றாகக் கட்டம் தீட்டிக் காட்டுங்கள். அதற்குமேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மீதியைக் கட்டமே சொல்லும்.