மாட்டு வயிற்றில் காந்தம், குதிரைக்கு நீச்சல்குளம், நாய்க்கு எம்.ஆர்.ஐ. - தெரியுமா?

மாட்டுக்கு ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுப்பார்கள், அது ஆயுசுக்கும் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும், தெரியுமா? வேடிக்கையில்லை, வைத்தியம்! விரல் நீளத்தில் முனை மழுங்கிய காந்தம். தொண்டைக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது வேலை.

ஏன் என்று கேளுங்கள். மாடு மேயும்போது மென்று தின்பதில்லை. நாக்கால் வளைத்து இழுத்து வாரி விழுங்கிவிட்டு, அப்புறம்தான் சாவகாசமாகப் படுத்து அசை போடும். அந்த அவசரத்தில் வைக்கோலோடு ஒரு கம்பித் துண்டு வந்தாலும் போகும், ஆணி வந்தாலும் போகும். (ஆடு அப்படியில்லை. உதட்டால் பொறுக்கிப் பொறுக்கித் தின்கிற ஜாதி. அதற்கு இந்த வம்பு அபூர்வம்.) விழுங்கிய இரும்பு கனத்தோடு நாலு அறை வயிற்றின் இரண்டாவது அறையில் போய் விழும். உட்சுவர் முழுக்கத் தேனடை போலக் கட்டம் கட்டமாக இருக்கும் சின்னப் பை அது. பை சின்னது, ஆனால் இருக்கிற இடம் பொல்லாதது! அதற்கு முன்னால் உதரவிதானம். அதைத் தாண்டினால் இதயம். நடுவே இடைவெளி சில சென்டிமீட்டர்தான்!

அந்தப் பை சும்மாவும் இருப்பதில்லை. சுமார் நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு இழுப்பாகச் சுருங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி கொஞ்சம் முன்னேறும். பையைக் குத்தி, உதரவிதானத்தைத் துளைத்து, கடைசியில் இதயத்தின் உறைக்குள்ளேயே நுழைந்து சீழ் கட்டிவிடும். முன்கூட்டியே காந்தம் அங்கே கிடந்தால்? வருகிற கம்பி அதில் ஒட்டிக்கொண்டு சாதுவாகிவிடும். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், கத்தியும் வேண்டாம்!

சரி, கம்பி குத்தியிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கிள்ளிப் பார்ப்பார்கள்! மாட்டின் தோள்பட்டைக்கு மேலே முதுகுத் தோலை இறுக்கிப் பிடித்தால், நல்ல மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். கம்பி குத்திய மாடு தாழ்த்தாது. தாழ்த்தினால் உள்ளே வலிக்கும், முனகும். முழங்கையை அகட்டிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். சரிவில் இறங்கச் சொன்னால் அடம் பிடிக்கும். இத்தனையும் பார்த்த பிறகுதான் எக்ஸ்ரே. அதில் கம்பி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சுற்றியிருக்கும் சீழும் ஒட்டலும் சரியாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நேர்மாறு: சீழ் தெரியும், ஒட்டல் தெரியும், அந்தப் பை எத்தனை தடவை சுருங்குகிறது என்று எண்ணக்கூட முடியும், கம்பிதான் பெரும்பாலும் கண்ணில் படாது! சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஊலி பிரௌன் என்ற மாட்டு மருத்துவர் இந்த ஸ்கேன் ஆராய்ச்சியிலேயே ஊறியவர். பசுவின் வயிற்றை இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது ஆபரேஷனுக்கு வருவோம். மாட்டுக்கு வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனைப் பெரும்பாலும் நிற்க வைத்தே செய்கிறார்கள் என்பது தெரியுமா? முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால், அசை போடுகிற வயிற்றில் வாயு சேர்ந்து உப்பிவிடும். வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலுக்குள் போனாலும் ஆபத்து. அதனால் இடுப்புக்கு மேலே முதுகெலும்பை ஒட்டி வரும் நரம்புகளுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி. இடது பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தோலைக் கீறி, வயிற்றின் சுவரைத் தோலோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு, அதன் பிறகே வயிற்றைத் திறப்பார்கள். முதலில் தைப்பது, பிறகு வெட்டுவது! உள்ளே நொதித்துக் கிடக்கும் தீவனம் ஒரு துளி தவறி உடம்புக்குள் விழுந்தாலும் சீழ்தான் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. டாக்டரின் கை தோள் வரைக்கும் உள்ளே போகும். பசுவோ விழித்தபடி நின்றுகொண்டிருக்கும்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்தது எவ்வளவு தெரியுமா? 52 கிலோ பிளாஸ்டிக்! சுமார் ஐந்தரை மணி நேர ஆபரேஷன். ஒரு பெரிய ஆளின் எடைக்கு வெறும் கேரி பேக்! பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் கம்பி மாதிரி காட்டிக் கொடுக்காது. காந்தமும் அதை இழுக்காது. கையை விட்டு அள்ளுவதைத் தவிர வழியில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு தடை போட்டதும் அதே 2019-இல்தான், ஜனவரி 1-ஆம் தேதி. தடை போட்டது மாட்டுக்குத் தெரியாது, பாவம். மிச்சச் சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டு எறிகிறவர்களுக்குத் தெரியும்.

மாட்டின் கதை இன்னும் முடியவில்லை. நிறையப் பால் கறக்கும் பசுவுக்குக் கன்று ஈன்ற சில வாரங்களில் நாலாவது அறை வாயு நிரம்பி, கீழேயிருந்து மிதந்து இடது பக்கம் ஏறிவிடுவதுண்டு. இதற்கு ஸ்கேன்கூட வேண்டாம். விலாமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் விரலால் சுண்டினால் 'டிங்' என்று கணீரென ஒலிக்கும்! சிகிச்சையில் ஒரு வகை இன்னும் அபாரம். பசுவை மல்லாக்க உருட்டிப் போடுவார்கள். வாயு மேலே போகும் அல்லவா? வயிற்றறை தானாகவே மிதந்து தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். வந்ததும் அங்கேயே ஒரு தையல், தீர்ந்தது! இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மயக்க மருந்திலும் ஒரு விசித்திரம். சைலசின் என்றொரு மருந்து. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு போதும், அதே எடையுள்ள மாடு அடங்கிவிடும்! பன்றியோ அந்த மருந்தை அவ்வளவாக மதிப்பதேயில்லை. உடம்பின் எடையைப் பார்த்து ஊசி போடுகிறவன் இங்கே தொலைந்தான்.

குதிரை மட்டும் என்ன, லேசுப்பட்டதா? குதிரைக்கு ஆபரேஷனைவிட ஆபத்தானது அது முடிந்து கண் விழிப்பது, தெரியுமா? 500 கிலோ உடம்பு. மயக்கம் தெளிகிற அரைத் தூக்கத்தில் அதற்கு ஒரே ஒரு எண்ணம்தான்: எழுந்து ஓட வேண்டும்! தள்ளாடி எழும், விழும், மறுபடி எழும். மணிக்கணக்காகப் பாடுபட்டுப் பொருத்திய கால் எலும்பு அந்த ஒரு நிமிடத்தில் மறுபடி நொறுங்கலாம். அறுவைச் சிகிச்சையை ஒட்டி இறக்கும் குதிரைகள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. நாயிலும் பூனையிலும் அது ஆயிரத்துக்கு இரண்டு அளவில்தான்.

அதற்குத்தான் நீச்சல்குளம்! 2006 மே மாதம் அமெரிக்காவில் பார்பரோ என்ற பந்தயக் குதிரை, கென்டக்கி டெர்பியை ஜெயித்த இரண்டே வாரத்தில், அடுத்த பந்தயமான பிரீக்னெஸில் பின்னங்கால் உடைந்து நின்றது. எலும்பு 20 துண்டுக்கு மேல்! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் ஒரு தகடும் 27 திருகாணிகளும் வைத்துப் பொருத்தினார். முடிந்ததும் மயக்கத்திலிருந்த குதிரையைக் கிரேனில் தூக்கி, நாலு காலும் உள்ளே நுழைகிற மாதிரி செய்த ரப்பர் மிதவையில் உட்கார்த்தி வெதுவெதுப்பான குளத்துக்குள் இறக்கினார்கள். கண் விழித்துக் காலை உதைத்தாலும் உதைபடுவது தண்ணீர்தான். தெளிந்த பிறகு மேலே தூக்கிக் கொட்டடியில் நிறுத்தினார்கள். எலும்பு கூடத் தொடங்கியது. ஆனால் ஒரு காலுக்கு வலி என்று மற்றக் காலில் பாரத்தைப் போட்டால், அந்தக் காலின் குளம்பு உள்ளே பிரிய ஆரம்பித்துவிடும். குதிரையின் சாபம் அது. 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவை ஊசி போட்டு விடுவிக்க வேண்டியதாயிற்று. குதிரைக் கால் முறிவென்றால் உலகமே ஏன் பயப்படுகிறது என்பது இப்போது புரிகிறதா?

அதனால்தான் எலும்பு உடைவதற்கு முன்பே, அதுவும் குதிரையைப் படுக்க வைக்காமலே, உள்ளே பார்க்கும் கருவிகளுக்கு இத்தனை மவுசு. கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா பந்தய மைதானத்தில் 2019-இல் நிறுவினார்கள் ஒரு பெட் (PET) ஸ்கேனர். லேசான மயக்கத்தோடு நின்றுகொண்டிருக்கும் குதிரையின் காலைச் சுற்றி வளையமாக மாட்டிக்கொள்ளும். அவசரம் என்றால் வளையம் திறந்துகொள்ளும்! எக்ஸ்ரேயில் விரிசல் தெரியும் முன்பே, எலும்பு எந்த இடத்தில் அதிகமாகப் பாடுபடுகிறது என்று காட்டிவிடும்.

குதிரையின் இன்னொரு அதிசயம் கழுத்தில் இருக்கிறது. குரல்வளையின் இடது பக்கத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே பக்கத்திலிருக்கும் குரல்வளைக்குப் போகக்கூடாதோ? போகாது! கழுத்து வழியே நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து வழியே ஏறி வரும். இரண்டு மீட்டருக்கு மேல் வீண் பயணம். அவ்வளவு நீண்ட நரம்பு தளர்ந்துபோகிற குதிரைகள் ஓடும்போது மூச்சில் உறுமும். அதைச் சரிசெய்யும் ஆபரேஷனைப் பிரபலமாக்கியவர் லண்டனின் ஃபிரெடரிக் ஹாப்டே. ஆபரேஷனுக்கே ஆங்கிலத்தில் அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

கொஞ்சம் வேகமாகப் போகலாம், இடம் போதாது. பூனையின் காறை எலும்பு எதோடும் ஒட்டாமல் சதைக்குள் மிதக்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, எலும்பை விழுங்கிவிட்டதோ என்று புதிய டாக்டர்கள் குழம்புவதுண்டு. கோழி முட்டையிடத் தயாராகும்போது அதன் கால் எலும்புகளின் உள்ளே சுண்ணாம்புச் சத்து சேர்ந்து எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், ஓட்டுக்கு முன்சேமிப்பு! பறவைக்கு மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டால் வயிற்றுப்பக்கக் காற்றுப்பையில் குழாய் செருகிவிடலாம். அது அந்த வழியாகவே மூச்சு விடும். 2014-இல் மெல்போர்னில் ஒரு தங்கமீனின் தலையிலிருந்த கட்டியை அகற்றினார்கள்; மயக்க மருந்து கலந்த தண்ணீரைச் செவுளில் ஓடவிட்டபடியே!

இந்தக் கருவிகள் வளர்ந்த காலத்தில் அவற்றுக்கு யார் யார் உடம்பைக் கொடுத்தது தெரியுமா? இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியோடு கண்ணாடிக் குழாயை இணைத்து ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். 8 அடி 3 அங்குலம்! 1733-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். உலகின் முதல் ரத்த அழுத்தக் கணக்கு அது. குதிரையின் சம்மதம் கேட்டதாகப் பதிவில்லை. 1861-இல் பிரான்சில் ஷோவோவும் மாரேயும் குதிரையின் இதயத்துக்குள்ளேயே குழாய் விட்டு அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896-இன் தொடக்கத்திலேயே வியன்னாவில் எடரும் வாலென்டாவும் மீன், தவளை, பாம்பு என்று படமெடுத்துத் தள்ளிவிட்டார்கள். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டோ, சோதனைக்காகக் காளை மாட்டு மூளையைச் சுமந்துகொண்டு லண்டனைக் குறுக்கே கடந்தவர். முதல் சோதனைப் படம் எடுக்கவே 9 நாள். முதல் நோயாளியின் தலை அந்தக் கருவிக்குள் நுழைந்தது 1971 அக்டோபரில்.

அல்ட்ராசவுண்ட் மாட்டில் செய்கிற வேலையைக் கேளுங்கள். ஏறக்குறைய 30 நாளிலேயே சினை தெரிந்துவிடும். 55 முதல் 60 நாளில் கிடேரியா, காளையா என்றும் தெரியும்! கருவின் பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு சின்ன மொட்டு முளைக்கும். காளையென்றால் அது தொப்புளை நோக்கி நகரும். கிடேரியென்றால் வால் பக்கம் நகரும். இதையே மனிதக் கருவில் பார்த்துச் சொன்னால் இந்தியாவில் 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மாட்டில் கிடேரி என்றால் கொண்டாட்டம். வீட்டில் மட்டும் பெண் பிள்ளை வேண்டாம் என்கிற ஆளுக்குத் தொழுவத்தில் பெண்தான் வேண்டும்!

நாய்க்கு முட்டியில் ஜவ்வு அறுந்தால் அந்த ஜவ்வைத் தொடாமலே குணமாக்குவார்கள், தெரியுமா? நாயின் கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதி பின்பக்கமாகச் சரிந்திருக்கும். ஜவ்வு அறுந்த பிறகு, கால் ஊன்றும்போதெல்லாம் மேலெலும்பு அந்தச் சரிவில் வழுக்கும். அமெரிக்க மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட வழி இது: வளைவான ரம்பத்தால் எலும்பை அறுத்து, திருப்பி, சரிவைச் சமமாக்கித் தகடு வைத்துவிடு! சரிவே இல்லையென்றால் வழுக்கல் எங்கே? ஜவ்வு அறுந்தபடியே கிடக்க, நாய் ஓடுகிறது.

இங்கிலாந்தின் நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு படி மேலே போனவர். அறுவடை இயந்திரத்தில் சிக்கிப் பின்பாதங்கள் இரண்டையும் இழந்த ஆஸ்கர் என்ற பூனைக்கு எலும்புக்குள்ளேயே உலோகத்தைப் பதித்துச் செயற்கைப் பாதம் பொருத்தினார். தோலைத் துளைத்து வரும் உலோகத்தில் கிருமி ஏறாமல் தடுப்பது எப்படி? மானின் கொம்பைப் பார்த்துக் கற்றார்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள். தோலைக் கிழித்து வெளியே வந்தும் சீழ் பிடிக்காத எலும்பு அதுதானே!

கடைசியாக ஒன்று. விலங்குக்கு எம்.ஆர்.ஐ. என்றால் மயக்க ஊசி கட்டாயம். அசைந்தால் படம் கெட்டுவிடும். ஆனால் ஊசியே இல்லாமல், தானாகப் போய் அந்தச் சத்தக் குகைக்குள் படுத்து, அசையாமல் கிடக்கிற நாய்கள் இருக்கின்றன! அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் 2012-இல் இதை வெளியிட்டார். போலிக் குகை செய்து, இயந்திரத்தின் இரைச்சலைப் பதிவு செய்து போட்டுப் பழக்கி, காதுக்கு உறை மாட்டி, அசையாமல் இருந்தால் தின்பண்டம். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம், கட்டுக் கிடையாது. ஹங்கேரியின் புடாபெஸ்டிலும் அட்டிலா ஆண்டிக்ஸ் குழு இப்படிப் பழக்கிய 13 நாய்களின் மூளையை 2016-இல் படமெடுத்துப் பார்த்தது. கண்டது இது: பாராட்டு வார்த்தையும் வேண்டும், பாராட்டும் தொனியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்றாக விழித்துக்கொள்கிறது. 'சமத்து' என்பதைக் கடுகடுவென்று சொன்னால் பலிக்காது. 'இருந்தாலும்' என்கிற மாதிரி வெற்று வார்த்தையைக் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னாலும் பலிக்காது.