கழுதைப் பால், ஆட்டுப் பால், ஒட்டகப் பால்: யாருக்கு எது?

பிறந்து நான்கே நாளான குழந்தை. கண்ணின் வெள்ளைப் பகுதி முதல் உள்ளங்கால் வரை மஞ்சள். உள்ளங்காலைச் சுண்டினாலும் அழத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிறது. "முந்தாநாளே மஞ்சளா இருந்துச்சு டாக்டர். தெருவுல கழுதைப் பால் வந்துச்சு, ஒரு சங்கு குடுத்தோம். சரியாயிடும்னு காத்திருந்தோம்" என்கிறார் பாட்டி. குழந்தையை உடனே ஒளி சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முந்தாநாளே வந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது.

கழுதைப் பால் மட்டுமல்ல. ஆட்டுப் பாலை மட்டுமே நம்பி வளர்ந்து வெளிறிப்போன கைக்குழந்தை, ஒட்டகப் பால் பவுடரை வாங்கிவிட்டு இன்சுலினைக் குறைத்த பள்ளி மாணவன், கறந்த பாலை அப்படியே குடித்து வாரக்கணக்கில் காய்ச்சலோடு அலைந்த இளைஞர் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு பாலுக்கும் ஒரு மருத்துவ மகிமை கட்டப்பட்டிருக்கிறது. அதை நம்பித் தாமதமாக வருகிறவர்களுக்குத்தான் சேதம் அதிகம். எந்தப் பால் உசத்தி என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருக்கு, எந்த வயதில், எப்படிக் காய்ச்சி என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

கழுதைப் பால்: சங்கில் வரும் ஆபத்து

'குரல் நன்றாக வரும், சளி பிடிக்காது, மஞ்சள் காமாலை அண்டாது' என்பார்கள். இவற்றில் எதற்கும் ஆதாரம் இல்லை. லாக்டோஸ் சர்க்கரையிலும் புரத அளவிலும் கழுதைப் பால் தாய்ப்பாலை ஓரளவு ஒத்திருப்பது உண்மை. ஆனால், 100 மி.லி. தாய்ப்பாலில் சுமார் 4 கிராம் கொழுப்பு இருக்கிறது. கழுதைப் பாலில் பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. பிறந்த குழந்தையின் எடை ஏறுவதற்கும் மூளை வளர்வதற்கும் அந்தக் கொழுப்புதான் வேண்டும். இத்தாலியில் பசும்பால் ஒவ்வாத சில குழந்தைகளுக்குக் கழுதைப் பாலைத் தருகிறார்கள். அது கிருமி நீக்கி, கொழுப்புச் சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் தரும் பால். நம் தெருவில் கழுவாத மடியிலிருந்து கழுவாத கையால் கறந்து, காய்ச்சாமல் ஊற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாக வடியும். ஆனால், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் ரத்தத்தில் அளவு மீறினால் அது மூளையைத் தாக்கி, காது கேளாமையையும் மூளை முடக்குவாதத்தையும் வாழ்நாள் முழுவதற்கும் விட்டுச்செல்லும். தடுக்கும் வாய்ப்பு ஓரிரு நாள்தான் இருக்கும். அந்த நாட்களைத்தான் சங்கு விழுங்கிவிடுகிறது. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துச் சங்கில் ஊற்றும்போது பால் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறிய குழந்தைகளையும் பார்த்தாயிற்று.

ஆட்டுப் பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது

ஆட்டுப் பாலின் கொழுப்புத் துகள்கள் சிறியவை. வயிற்றில் திரியும்போது கட்டி மென்மையாக இருக்கும். 'எளிதில் செரிக்கும்' என்ற பெயர் அதனால் வந்தது. பெரியவர்களுக்கு நல்ல உணவுதான். ஆனால், கைக்குழந்தைக்கு அதில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது: ஃபோலேட் என்ற வைட்டமின். 100 மி.லி. பசும்பாலில் இது சுமார் 5 மைக்ரோகிராம். ஆட்டுப் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான். அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு ரத்தம் சரியாக ஊறாது. 1920களிலேயே ஜெர்மனியில் மருத்துவர்கள் இதை 'ஆட்டுப் பால் ரத்தசோகை' என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ரத்தசோகைக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

'காந்தியே ஆட்டுப் பால்தானே குடித்தார்' என்கிறார்கள். பசுவின் பாலும் எருமைப் பாலும் வேண்டாம் என்று உறுதி பூண்டிருந்தவர், கடும் நோயில் கிடந்தபோது கஸ்தூரிபாவின் யோசனைப்படி ஆட்டுப் பாலுக்குச் சம்மதித்தார். அவர் வளர்ந்த மனிதர். பழமும் கொட்டைகளும் காய்கறியும் சாப்பிட்டவர். ஆறு மாதக் குழந்தைக்கு அவர் எப்படி உதாரணமாவார்?

டெங்கு காலம் வந்தால் ஆட்டுப் பாலுக்குத் தனி கிராக்கி. பிளேட்லெட் ஏறுமாம். டெங்குவில் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் பிளேட்லெட் தானாகவே ஏறும். பெயரை ஆட்டுப் பால் வாங்கிக்கொள்கிறது. காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு என்று வருவதுதான் உயிருக்கு ஆபத்தான கட்டம். அந்த நேரத்தில் பால் தேடி அலையாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பசும்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை

ஒன்றரை வயது. கொழுகொழுவென்று இருக்கிறாள். 'சோறு தொடவே மாட்டாள். பால் மட்டும் அஞ்சாறு பாட்டில் குடிப்பாள்' என்று அம்மா பெருமையாகச் சொல்கிறார். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். சுவரைச் சுரண்டித் தின்கிறாளா என்று கேட்டால், 'ஆமா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' என்கிறார்.

வெளிறிய இமையும் சுவரைத் தின்பதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் பாலின் கால்சியமும் கேசின் புரதமும் உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. வயிறு பாலால் நிரம்பிவிடுவதால் கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் இடமே இல்லை. ஒரு வயது ஆகும்வரை எந்த விலங்கின் பாலையும் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். 'தண்ணீர் கலந்துதானே கொடுக்கிறோம்' என்பது சமாதானம் ஆகாது. கலந்தால் சத்து போதாது. கலக்காவிட்டால் அதன் புரதமும் உப்பும் பிஞ்சு சிறுநீரகத்துக்குச் சுமை. ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி. போதும். அதுவும் டம்ளரில்.

பசும்பால் ஒவ்வாமல் மலத்தில் ரத்தம், தோலில் தடிப்பு என்று வந்தால் ஆட்டுப் பாலுக்கோ எருமைப் பாலுக்கோ மாற்றிப் பயனில்லை. இவற்றின் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு எல்லாமே ஒவ்வாது.

ஏ2 பாலும் ஒட்டகப் பாலும்

ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசின் புரதத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமில வித்தியாசம். ஏ1 பாலால் சர்க்கரை நோய், இதய நோய் வரும் என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று அச்சிட்டு விற்கக் கூடாது என்று அறிவித்து, சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. எருமைப் பால் இயல்பிலேயே ஏ2 வகைதான். ஏ2 பாலுக்காகக் கடன் வாங்கி இரட்டை விலை கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒட்டகப் பாலில் வைட்டமின் சி பசும்பாலைவிட அதிகம். 'இயற்கை இன்சுலின்' என்று அதை விற்பதுதான் கொடுமை. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகலாம். எந்தப் பாலும் இன்சுலினுக்கு மாற்று ஆகாது.

பச்சைப் பாலும் விடாத காய்ச்சலும்

'கறந்த சூட்டோடு குடிச்சா உடம்புக்கு நல்லது' என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. மாடு, ஆடு, எருமை எல்லாவற்றின் பச்சைப் பாலிலும் புருசெல்லா கிருமி இருக்கலாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, முதுகுவலி, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டு, காய்ச்சலை மறைத்து, கடைசியில் முதுகெலும்பு பாதித்தபிறகு வருகிறார்கள். பாலின் மூலம் காசநோயும் பரவும். பொங்கி வந்தபின் கிளறிவிட்டுச் சில நிமிடம் கொதிக்கவிடுங்கள். கால்சியம் எங்கும் போய்விடாது. காய்ச்சல் விடாமல் இழுத்தால் மருத்துவரிடம் வாருங்கள். எந்த நோய் என்று சந்தேகமோ அதைப் பொறுத்து ரத்தப் பரிசோதனையை அவர் சொல்வார்.

சமையலறையில் எந்தப் பால் எதற்கு?

கெட்டித் தயிருக்கும் பன்னீருக்கும் எருமைப் பால். 100 மி.லி.யில் 6 முதல் 7 கிராம் கொழுப்பு. கால்சியமும் பசும்பாலைவிட அதிகம். அதன் நெய் வெள்ளையாக இருப்பதால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். பசு நெய்க்கு மஞ்சள் தரும் பீட்டா கரோட்டின் எருமைப் பாலில் இல்லை. இதய நோயாளிகளும் உடல் பருமன் உள்ளவர்களும் காபி, டீக்கு 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பாலுக்கு மாறுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் ருசி பசும்பாலில் இருக்கிறது. ஆட்டுப் பாலைச் சிறு தீயில் காய்ச்சுங்கள். சீக்கிரம் திரிந்துவிடும், தயிரும் தளர்வாகத்தான் உறையும். ஒட்டகப் பால் தயிராக உறைவதே கடினம்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் மாட்டை மாற்றிப் பயனில்லை. எல்லாப் பாலிலும் லாக்டோஸ் இருக்கிறது. தயிருக்கும் மோருக்கும் மாறிப் பாருங்கள்.

பெற்றோரிடமும் பாட்டிகளிடமும்

அம்மாக்களே, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போங்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். பால் சுரக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பாட்டிமார்களே, உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அக்கறையோடு பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே வாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். அப்பாக்களே, மருந்துக் கடையிலும் கைபேசியிலும் வைத்தியம் தேடாதீர்கள். குழந்தை மஞ்சளாக இருந்தாலும், வெளிறிப்போனாலும், பால் குடிக்க மறுத்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நாளை வரை பொறுக்காதீர்கள்.